வாயில்லா உயிரின் ஊனமும் நம் கடமையும்

மனிதனை அண்டி வாழும் உயிர்களுள் நாயும் பூனையும் நம் வீட்டுக்கு மிக நெருங்கியவை. நாய் நம் வாசலைக் காக்கின்றது. பூனை நம் அரிசி மூட்டையை எலியிடமிருந்து காக்கின்றது. இவற்றின் மூதாதைகள் ஒரு காலத்தில் காட்டில் இரை தேடி உண்டவை. மனிதனோடு பழகிய பின்னர் அவை நம் கையையே எதிர்பார்த்து வாழத் தொடங்கின. இவ்வாறு நம்மை நம்பிய உயிரை, அதற்கு ஊனம் நேர்ந்த வேளையில் தெருவில் விட்டுவிடுதல் முறையாகுமா? அத்தகைய உயிரை நாம் எடுத்து வளர்க்க விரும்பினால் எவ்வாறு பேண வேண்டும்? இவ்விரு வினாக்களையும் மாணவர்களும் பெற்றோர்களும் தோட்டப் பெருமக்களும் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயன் தீர்ந்தால் அன்பும் தீருமோ?

தோட்டப்புறங்களில் நாய் வளர்க்காத லயம் அரிது. இரவுக் காவலுக்கும், பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் துணைக்கும் நாய் வேண்டும் என்று வளர்க்கின்றோம். காலொன்று ஒடிந்துவிட்டால், கண் மங்கிவிட்டால், ‘இனி இதனால் என்ன பயன்?’ என்று கேட்கின்றோம். சிலர் சாக்கில் கட்டி, அடுத்த தோட்டத்து எல்லையிலோ சந்தையடியிலோ விட்டுவிட்டு வருகின்றனர்.

இக்கேள்வியைக் கேட்கும்போது நாம் நம் சொந்த வரலாற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் வீடு என்னும் நிலையில் நம் முன்னோர் வாழ்ந்தனர். கை தளர்ந்து மரம் வெட்ட இயலாத நாளில் ‘இவரால் இனி என்ன பயன்?’ என்ற கேள்வி அவர்களை நோக்கியும் எழுந்தது. 1980களிலும் 1990களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, நம் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அவ்வாறு பெயர்ந்தபோது வெற்று லயங்களின் வாசலில் நாய்கள் பின்தங்கின. தள்ளப்படுதலின் வலியை அறிந்தவர்கள் நாம். அவ்வலியை இன்னோர் உயிருக்குத் தராதிருத்தல் நமக்கு அழகன்றோ?

பதினான்காயிரம் ஆண்டுக்கு முந்திய சான்று

பயனற்ற உயிரைப் பேணுதல் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் கூறுவர். அஃது உண்மையன்று என்பதற்கு மண்ணுக்கடியிலிருந்து ஒரு சான்று கிடைத்துள்ளது.

ஜெர்மனி நாட்டில் போன் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914ஆம் ஆண்டில் கற்சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு பழங்காலக் கல்லறையைக் கண்டனர். அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 14,200 ஆண்டுகள். அந்நாயின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2018ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். அது ஏழு மாத வயதுடைய குட்டி. டிஸ்டெம்பர் எனப்படும் கொடிய நச்சுயிரி நோய்க்கு ஆளாகியிருக்கலாம். யாரேனும் உணவும் நீரும் தந்து, தூய்மை செய்து பேணியிராவிடில் அது பல வாரங்கள் உயிரோடு இருந்திருக்க இயலாது என்று அவர்கள் கருதினர்.

நோயுற்ற குட்டி வேட்டைக்கு உதவாது, காவலுக்கும் உதவாது. அன்று மனிதனுக்கு நிலையான வீடில்லை, விளைநிலமில்லை, வேட்டை கிடைத்த நாளில்தான் உணவு. அந்நிலையிலும் அவன் ஒரு பயனற்ற குட்டியைப் பேணினான். இறந்தபின் தன்னவரோடு சேர்த்துப் புதைத்தான். அவனினும் நாம் ஏழைகள் அல்லேம்.

கொடையும் பராமரிப்பும்

குளிரால் வாடுகின்றதோ என்று மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை நாம் பாடத்தில் படிக்கின்றோம். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக மறுத்த தருமனின் கதையையும் கேட்டிருக்கின்றோம். இவ்விரண்டும் உயர்ந்த செயல்கள். ஆயினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. போர்வை அளித்தல் ஒரு கணத்தில் முடிந்துவிடும். உடன் வந்த உயிரைக் கடைசிவரை விடாதிருத்தல் நாள்தோறும் செய்ய வேண்டிய செயல்.

ஊனமுற்ற பிராணியைக் கண்டதும் கண் கலங்குதல் எளிது. நூறாவது நாள் காலையிலும் எழுந்து அதன் படுக்கையைக் கழுவுதல் அரிது. இரக்கம் தொடங்கி வைப்பதைப் பழக்கந்தான் முடித்து வைக்க வேண்டும். இதனை உணர்ந்தவரே அத்தகைய உயிரை வளர்க்கத் தகுதி உடையவர்.

எடுப்பதற்கு முன் எண்ணுவோம்

ஆதலின், ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் குடும்பத்தார் அனைவரும் கூடிப் பின்வருவனவற்றைப் பேசி முடிவு செய்தல் வேண்டும்.

1. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்கும் வேலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் வீட்டில் இருப்பவர் யார்?
2. உணவு, மருந்து, தடுப்பூசி ஆகியவற்றுக்கு மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்க இயலுமா?
3. வெயிலும் மழையும் படாத, தரை ஈரமில்லாத ஓரிடம் வீட்டில் உண்டா?
4. குடும்பம் ஊருக்குச் செல்லும் நாளில் யார் பார்த்துக்கொள்வர்?
5. பத்து ஆண்டுகளுக்கு மேலும் அது வாழக்கூடும். அத்தனை ஆண்டும் நாம் மனம் தளராதிருப்போமா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை கிடைக்கவில்லையென்றால், அதனை மறைத்து எடுத்துவிடலாகாது. எடுத்தபின் மீண்டும் கைவிடப்படும் பிராணி இருமுறை வாடும். தனியே வளர்க்க இயலாதவர் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து பொறுப்பேற்கலாம். வளர்ப்பவருக்கு உணவோ மருந்துச் செலவோ தந்து உதவுவதும் அறமே.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

மாணவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். அடிபட்டுக் கிடக்கும் முகமறியாப் பிராணியைத் தாமே தொடலாகாது. வலியால் துடிக்கும் உயிர் அன்பாக நீட்டிய கையையும் கடிக்கும். பெரியவர் ஒருவரை உடனே அழைக்க வேண்டும்.

வெறிநாய்க்கடி நோயின் அச்சம் நம் நாட்டில் நீங்கிவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் பரவிப் பல உயிர்களைப் பலிகொண்டது. நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவி, அன்றே மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருத்தல் கூடாது.

லோரியோ காடியோ மோதிக் கிடக்கும் நாயைக் கால்களைப் பிடித்துத் தூக்கலாகாது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அதனால் கேடு பெருகும். பெரியவர்கள் அதனை ஒரு பலகையின் மீதோ தடித்த அட்டையின் மீதோ மெல்ல நகர்த்திக் கிடத்தி, துணியால் தளர்வாகக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். மாவட்டந்தோறும் கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் அலுவலகங்கள் இயங்குகின்றன. சிலாங்கூர், செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனையும் உண்டு.

காலொன்று இழந்த நாய்

தோட்டங்களில் காட்டுப் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் சிக்கி நாய்கள் காலை இழப்பதுண்டு. மூன்று கால் நாயைக் கண்டு நாம் கொள்ளும் கவலையின் அளவுக்கு அது தன்னைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. காயம் ஆறியபின், பெரும்பாலான நாய்கள் சில நாள்களிலோ சில வாரங்களிலோ நடக்கவும் ஓடவும் கற்றுக்கொள்கின்றன. நாயின் உடற்பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஆதலின் பின்னங்காலை இழந்த நாய் எளிதாகவும், முன்னங்காலை இழந்த நாய் சற்று அரிதாகவும் பழகிக்கொள்கின்றது.

இதற்கு நாம் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, உடல் பருக்க விடாதிருத்தல். மூன்று கால்கள் சுமக்கும் பாரம் குறைவாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, வழுக்கும் சிமெந்துத் தரையிலும் பளிங்குத் தரையிலும் பழைய கோணியோ பாயோ விரித்தல்.

பின்னுடல் செயலிழந்த நாய்

முதுகெலும்பில் அடிபட்டுப் பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்த நாயைப் பேணுதல் கடினமான பணி. இதனைச் சற்று விரிவாக அறிதல் நன்று.

இத்தகைய நாய் பலவேளை தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. வயிற்றின் பின்பகுதியை இரு கைகளாலும் மென்மையாக அழுத்தி நாளைக்கு மூன்று நான்கு முறை வெளியேற்ற வேண்டும். இதனை மருத்துவரிடம் நேரில் கண்டு கற்ற பெரியவரே செய்தல் வேண்டும். சிறுநீர் கலங்கியோ, குருதி கலந்தோ, கடும் நாற்றத்தோடோ வந்தால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பிலும் முழங்கையிலும் தோல் புண்ணாகும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை மெத்தென்றும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈரம் பட்ட தோலைக் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் சிறு புண்ணிலும் ஈ முட்டையிடும்; ஒரு நாளுக்குள்ளேயே புழு தோன்றிவிடும். ஆதலின் நாள்தோறும் உடல் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். தரையில் இழுபடும் பாதங்களுக்குப் பழைய காலுறையை அணிவிக்கலாம்.

மருத்துவர் இசைந்தால் இருசக்கர வண்டி ஒன்றை நாமே செய்யலாம். பிளாஸ்டிக் நீர்க்குழாய்களும், பழைய குழந்தை வண்டியின் சக்கரங்களும், அகன்ற துணிப்பட்டையும் போதும். நாயின் உயரத்தையும் இடுப்பகலத்தையும் அளந்து, முதுகு சாயாமல் நேராக நிற்குமாறு அமைக்க வேண்டும். முதலில் பத்து நிமிடங்கள் பழக்கிப் பின்னர் நேரத்தைக் கூட்டலாம். வண்டியில் பூட்டிய நாயைத் தனியே விட்டுச் செல்லலாகாது. அது அதில் படுக்க இயலாது.

வேலைக்குச் செல்லும் குடும்பம் தன் நாளை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம். காலை ஐந்து மணிக்குத் தாயோ தந்தையோ சிறுநீர் வெளியேற்றித் துடைத்தல். ஆறு மணிக்கு மூத்த பிள்ளை உணவும் நீரும் வைத்தல். பத்து மணிக்குப் பாட்டியோ அண்டை வீட்டாரோ பக்கம் மாற்றுதல். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்த பெரியவர் மீண்டும் சிறுநீர் வெளியேற்ற, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் படுக்கை மாற்றுதல். மாலை ஆறு மணிக்கு வண்டிப் பயிற்சி. இரவு பத்து மணிக்கு இறுதியாகச் சிறுநீர் வெளியேற்றித் தூய்மை செய்தல். இவ்வட்டவணையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, முறை வைத்துச் செய்தால் எவருக்கும் பளு மிகாது.

கண்ணும் செவியும் இழந்தவை

பார்வை இழந்த நாய் மூக்காலும் செவியாலும் உலகைக் காண்கின்றது. உணவுத் தட்டும் நீர்ப் பாத்திரமும் படுக்கையும் என்றும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். நாற்காலியை நாளுக்கொரு மூலையில் போடலாகாது. தொடுமுன் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். லயத்தின் முன்னுள்ள கால்வாயைப் பலகையாலோ வேலியாலோ மறித்தல் இன்றியமையாதது.

செவித்திறன் அற்றவற்றைக் கையசைவால் பழக்கலாம். தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். வண்டியோசை அவற்றுக்குக் கேளாது என்பதால் சாலைக்கு விடுதல் ஆகாது. முழு வெண்ணிறமும் நீலக் கண்களும் உடைய பூனைகளுள் பல பிறவியிலேயே செவிடு. டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலேயே இதனைக் குறித்துள்ளார்.

தள்ளாடும் பூனைக்குட்டி

சில பூனைக்குட்டிகள் நடக்கத் தொடங்கும்போதே தலை ஆட, கால் பின்னத் தள்ளாடும். நஞ்சுண்டது என்றும் பேய் பிடித்தது என்றும் கூறி அதனை எறிந்துவிடுவோர் உண்டு. தாய்ப்பூனை கருவுற்ற காலத்தில் ஒருவகை நச்சுயிரிக் காய்ச்சலுக்கு ஆளானால், குட்டியின் சிறுமூளை முழுமையாக வளராமல் இந்நிலை ஏற்படும். இவ்வாறு பிறந்த குட்டிக்கு இதனால் வலி இல்லை. வயதேற ஏற இது முற்றுவதும் இல்லை. தாழ்ந்த விளிம்புடைய மணல் தட்டும், வழுக்காத தரையும், வீட்டினுள்ளே பாதுகாப்பும் தந்தால் அது மகிழ்ந்து விளையாடும். பிறந்தபின் திடீரெனத் தள்ளாட்டம் தோன்றினால் அது வேறு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் நாட்டுப் பூனைகள் பலவற்றின் வால் குட்டையாகவோ முடிச்சிட்டோ இருப்பதைக் காண்கின்றோம். இது பரம்பரை இயல்பே. இதனை ஊனமென்று எண்ணிப் பூனையை ஒதுக்குதல் அறியாமை.

உணவும் மருந்தும்

நாம் உண்டு மிஞ்சிய குழம்புச் சோற்றையே நாய்க்கு இடுவது வழக்கம். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் குருதிக்கும் கேடு செய்வன. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். மசாலை சேர்க்காமல் வேகவைத்த மீனையோ கோழியையோ முள்ளும் எலும்பும் நீக்கிச் சோற்றோடு பிசைந்து இடுதல் மேல். சாக்லெட்டும் திராட்சையும் நாய்க்கு ஆகா.

நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கவல்லது. மருத்துவர் சொல்லாமல் எம்மருந்தும் தரலாகாது. ஆண்டுதோறும் தடுப்பூசி, உண்ணி நீக்கல், கருத்தடை அறுவை ஆகிய மூன்றையும் மறத்தலாகாது. வேண்டாத குட்டிகள் பிறவாதிருந்தாலே கைவிடப்படும் உயிர்களின் தொகை குறையும்.

சட்டமும் அண்டை அயலாரும்

1953ஆம் ஆண்டின் விலங்குச் சட்டப்படி, பிராணிகளை வதைத்தோருக்கு நெடுங்காலம் 200 வெள்ளியே உச்ச அபராதமாக இருந்தது. பின்னர் இயற்றப்பட்ட 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. இதன்படி வதைத்தலுக்கு 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 100,000 வெள்ளிக்கு மேற்படாமலும் அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தகுந்த உணவும் இருப்பிடமும் தந்து, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காத்தல் வளர்ப்பவரின் கடமை என்றும் இச்சட்டம் கூறுகின்றது.

பல இனத்தாரும் சமயத்தாரும் கூடி வாழும் நாடு நம் நாடு. நாயைத் தீண்டலாகாது என்னும் சமய நெறியுடைய அண்டை வீட்டாரின் உணர்வை நாம் மதித்தல் வேண்டும். நாயை வேலிக்குள் வைத்து, உரிமம் பெற்று, இடத்தைத் தூய்மையாக வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் எழாது.

துன்பம் தீராத வேளை

எல்லாப் பராமரிப்பும் செய்தும் சில உயிர்களின் வலி தீராதிருக்கும். உண்ண மறுத்து, உறக்கமின்றி, இடைவிடாது துடிக்கும் நிலையில், வலியின்றி உயிர் பிரியச் செய்வதே கருணை என்று மருத்துவர் கூறலாம். அம்முடிவைப் பெற்றோரும் மருத்துவரும் ஆய்ந்து எடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கடைசி மூச்சுவரை அருகிருந்து அனுப்பிவைத்தலுக்கும் சாலையோரத்தில் எறிந்துவிட்டு வருதலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு.

பிள்ளைகள் பெறும் பாடம்

ஊனமுற்ற பிராணியோடு வளரும் பிள்ளை, புத்தகத்தில் இல்லாத பாடங்களைக் கற்கின்றது. நேரம் தவறாமை, அருவருப்பை வெல்லுதல், பேச இயலாத உயிரின் குறிப்பறிதல் ஆகியன அதற்குக் கைவருகின்றன. எல்லாவற்றினும் மேலாக, குறையுடைய உயிரைக் ‘குறை’யாகவே காணும் கண் மாறுகின்றது. மூன்று கால் நாயைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய பிள்ளை, நடக்க இயலாத வகுப்புத் தோழனைக் கேலி செய்யாது. அவனுக்காக நடையைத் தளர்த்தும். படுக்கையில் கிடக்கும் பாட்டியின் அறைக்குள் முகம் சுளிக்காமல் நுழையும்.

முடிவுரை

எல்லா வீட்டிலும் ஓர் ஊனமுற்ற நாயோ பூனையோ இருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இயலாதவர் எடுத்தலாகாது என்றே கூறுகின்றோம். ஆனால் நம்மிடம் ஏற்கனவே வளரும் உயிருக்கு நாளை ஊனம் நேர்ந்தால் அதனைக் கைவிடுவதில்லை என்னும் உறுதியை எல்லா வீட்டாரும் எடுக்கலாம். வீடு மாறும்போது வண்டியில் அதற்கும் ஓரிடம் ஒதுக்குவோம். கண்ணி வைப்போரிடம் பேசுவோம். பிறர் எடுத்துப் பேணும் உயிருக்கு ஒருபிடி உணவு தருவோம். நம்மை நம்பிய உயிரை நாம் உள்ளவரை காப்போமாக!

சிந்தித்து விடை கூறுக

1. ஓபர்காசல் நாயைப் பேணியவர்களுக்கு அதனால் கிடைத்த பயன் யாது?
2. பேகன் செயலுக்கும் தருமன் செயலுக்கும் இக்கட்டுரை கூறும் வேறுபாடு என்ன?
3. நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியவை யாவை?
4. பின்னுடல் செயலிழந்த நாயை ஏன் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்?
5. உங்கள் குடும்பத்தார் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய பணியைக் குறித்து, ஒரு நாள் அட்டவணை எழுதுக.